பொம்மை ரயில் பாதையும் நாலு வால்வும்

டிராக்டருக்கு இருப்பதுபோல ரயில் இன்ஜினுக்கு ஸ்டீயரிங் கிடையாது. எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதை அதை ஓட்டுபவர் முடிவு செய்வதில்லை. தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் 'பாயிண்ட்' என்ற அமைப்பு இருக்கிறது. கூராகச் சீவப்பட்ட இரண்டு தண்டவாளத் துண்டுகள் சில அங்குலம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரும். அவை எந்தப் பக்கம் ஒட்டி நிற்கின்றனவோ, அந்தப் பாதையில்தான் வண்டி போகும்.

பாதை பிரியும் இடத்தின் அருமை திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புதிதல்ல. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் இருந்து புறப்பட்ட 16 வயதுப் பையன் வேங்கடராமன், பழைய அட்லஸ் ஒன்றைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தார். விழுப்புரத்தில் இருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குப் புதுப்பாதை போட்டிருந்த விஷயம் அந்த அட்லஸில் இல்லை. விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று ரயிலில் வந்த மௌல்வி ஒருவர்தான் சொன்னார். காசு போதாமல் மாம்பழப்பட்டு வரைக்கும் டிக்கெட், பிறகு நடை, திருக்கோவிலூரில் இருந்து மறுபடியும் ரயில் என்று செப்டம்பர் 1 அன்று ஊர் வந்து சேர்ந்தார். அவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

அந்த ரமணாசிரமத்தைத் தாண்டிச் செங்கம் சாலையில் இருந்து பிரியும் ஒரு தெருவில், ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாடி அறையில் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை போட்டு, அதன்மேல் ஒரு சின்ன ரயில் பாதை அமைத்திருக்கிறார். அசலில் 87-ல் ஒரு பங்கு அளவு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நடுவில் ஒரு ஸ்டேஷன், எதிரெதிரே வரும் வண்டிகள் விலகிக்கொள்ள ஒரு லூப் லைன், சரக்கு வண்டிக்கு ஒரு தனிப்பாதை. ஆக மொத்தம் நாலு பாயிண்ட்.

அத்தியந்தல் பக்கம் ஒன்றரை ஏக்கர் கழனி வைத்திருக்கும் விவசாயி ஒருவர் தினமும் காலையில் அந்த வீட்டுக்குப் பால் ஊற்ற வருவார். கழனியில் பாதி சம்பங்கி, பாதி மல்லாட்டை. ஒரு நாள் மாடியில் ஏதோ கருகும் வாசனை வரவே, "இன்னா சார், வயர் எரியுதா?" என்று ஏறிப் போனார். அந்தக் கேள்விதான் அவர் கழனியின் நாலு வால்வு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஏன் கருகியது?

கருகியது ஒரு பாயிண்ட்டின் காயில். பொம்மைப் பாதையில் பாயிண்ட்டை நகர்த்த, பலகைக்கு அடியில் இரண்டு காயில் கொண்ட ஒரு சின்ன இயந்திரம் இருக்கும். ஒரு காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் கம்பியை இடப்பக்கம் இழுக்கும், மற்றதற்குக் கொடுத்தால் வலப்பக்கம். கண் இமைக்கும் நேரத்தில் நகர்ந்துவிடும். அதன்பிறகு மின்சாரம் தேவையில்லை, அது அங்கேயே நிற்கும். அந்தக் காயில் அரை நொடிக்காகச் சுற்றப்பட்டது. பேரப்பிள்ளை பட்டனை அழுத்தியபடியே பிடித்திருந்ததால் சூடேறிக் கருகிவிட்டது.

"உங்க மோட்டார் கதைதான் தம்பி. சிங்கிள் பேஸ் மோட்டாரில் ஸ்டார்ட்டிங் காயில் கிளப்பி விடத்தானே இருக்கு? அது விடுபடாமல் நின்றால் என்ன ஆகும்?" என்று பெரியவர் கேட்டார்.

"காயில் கட்டத்தான் எடுத்துட்டுப் போகணும்" என்றார் விவசாயி. அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. காலிங் பெல் சுவிட்ச் போல, கையை எடுத்ததும் தானே விடுபடும் பட்டனை வைப்பது ஒன்று. ஆனால், பிள்ளைகள் அழுத்திக்கொண்டே இருந்தால் அதுவும் பயன்படாது. மற்றது, நடுவில் ஒரு கெப்பாசிட்டர் வைப்பது. அது மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே உதறலில் காயிலுக்குக் கொடுத்துவிடும். பட்டனை எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் அதற்குமேல் காயிலைக் கருக்கும் அளவுக்கு மின்சாரம் போகாது. பெரியவர் இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

இது பொழுதுபோகாதவர்களின் வேலை என்று நினைக்கத் தோன்றும். புனே நகரத்தில் கோத்ரூட் பகுதியில் சின்ன ரயில்களுக்காகவே ஓர் அருங்காட்சியகம் 1998 முதல் நடக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் 1946-ல் மாணவர்கள் தொடங்கிய பொம்மை ரயில் சங்கத்தில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பழைய பாகங்களைக் கொண்டு பாயிண்ட்டுகளை இயக்கினார்கள். அங்கே வயர் இழுத்துப் பழகியவர்களில் பலர்தான் பிறகு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் முன்னோடிகள் ஆனார்கள்.

நள்ளிரவு நடை

விவசாயியின் கழனியில் சொட்டுநீர் போட்டு நாலு வருடம் ஆகிறது. சிறு, குறு விவசாயி என்பதால் முழு மானியத்தில் கிடைத்தது. நிலம் நாலு பகுதியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. மும்முனை மின்சாரம் இரவில் வரும் முறை என்றால், ஒரு பகுதி பாய்ந்து முடிந்ததும் யாராவது போய் அடுத்ததைத் திறந்து, முன்னதை மூட வேண்டும். விவசாயி அதிகாலையிலேயே பூ மார்க்கெட்டுக்குக் கிளம்ப வேண்டியவர். அதனால் அந்த வேலை பெரும்பாலும் அவர் மனைவியின் தலையில்தான் விழுந்தது. கையில் ஒரு டார்ச், காலில் ரப்பர் செருப்பு. மல்லாட்டைக் கொல்லையில் விரியன் இருக்கும் என்பது அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பத்திரிகையின் கேள்வி பதில் பகுதியிலும் விவசாயிகள் கேட்கக்கூடிய கேள்விதான் இது: வால்வை வீட்டில் இருந்தே திறந்து மூட முடியாதா?

முடியும். சோலனாய்டு வால்வு என்று கடையில் கிடைக்கிறது. பாயிண்ட் இயந்திரத்தில் இருக்கும் அதே காயில்தான் இதிலும். பரவலாகக் கிடைப்பது 24 வோல்ட் ஏ.சி. வகை. மின்சாரம் இருக்கும்வரை திறந்திருக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். இது தொடர்ந்து மின்சாரம் வாங்கும்படி செய்யப்பட்டது, அதனால் கருகாது. பேட்டரியில் ஓடும் இன்னொரு வகை, பாயிண்ட்டைப் போல ஒரு துடிப்பில் திறந்து, மறு துடிப்பில் மூடும். இந்த வகைக்குத் தொடர் மின்சாரம் கொடுத்தால் காயில் போய்விடும். வாங்கும்போது எந்த வகை என்று கேட்டு வாங்குவது முக்கியம்.

விவசாயி 24 வோல்ட் வகையை வாங்கினார். வயர் இழுக்கும் வேலைக்குப் பெரியவர் துணைக்கு வருவதாகச் சொன்னார். ஆனால், கழனிக்கு வந்து மோட்டார் கொட்டகையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

இரண்டு முனையும் பிளக்

கொட்டகையில் ஒரு கேபிள் சுருட்டி மாட்டியிருந்தது. அதன் இரண்டு முனையிலும் பிளக். கரண்ட் இல்லாத நாட்களில் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து, ஒரு முனையை அதிலும் மறு முனையை மோட்டார் போர்டிலும் சொருகிவிடுவார்கள். இ.பி. மெயினை இறக்கி வைப்பது வழக்கம். வழக்கம் மட்டும்தான், இறக்காமல் சொருகினால் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

"இதை எடுத்துப் போட்டுவிட்டுச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டுங்க தம்பி. அதுக்கு அப்புறம் வால்வைப் பார்க்கலாம்" என்றார் பெரியவர்.

"ரெண்டு வருஷமா இப்படித்தான் ஓட்டறோம் சார். ஒண்ணும் ஆகலையே!"

பெரியவர் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விவசாயிக்கு வருத்தம். வால்வுக்கு உதவி கேட்டால் ஜெனரேட்டரைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைத்தார். ஒரு வாரம் பால் ஊற்ற மனைவியை அனுப்பினார்.

பெரியவர் தன் பேச்சை அந்த அம்மாவிடம் சொன்னார். டிரான்ஸ்பார்மர் ஒருவழிப் பாதை அல்ல. ஊர் டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து மோட்டாருக்கு ஏற்றபடி கொடுக்கிறது. மெயினை இறக்க மறந்து ஜெனரேட்டரை ஓட்டினால், அதே டிரான்ஸ்பார்மர் தலைகீழாக வேலை செய்து, அந்தப் பக்கம் மறுபடியும் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். லைன் ஆஃப் செய்யப்பட்டிருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அந்தக் கம்பியைத்தான் தொடுவார்.

ஜெனரேட்டர் தேவைப்படுவதே லைன்மேன்கள் கம்பத்தில் ஏறும் நாட்களில்தான். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் பயிருக்குத் தண்ணீர் வேண்டாம். ஆனால், மாட்டுக்கும் வீட்டுக்கும் போர்வெல் தண்ணீர்தான். கரண்ட் இல்லை என்றால் ஜெனரேட்டரைத்தான் தேடுவார்கள்.

"ரயில்வேயில் ஒரு சட்டம் உண்டும்மா. பாயிண்ட் சரியாக நின்று, பூட்டு விழுந்த பிறகுதான் பச்சை சிக்னல் விழும். கவனமாக இருங்கள் என்று எந்த ஆளையும் நம்பி விடுவதில்லை. தப்பாகச் செய்ய முடியாதபடி கருவியையே அமைத்துவிடுவார்கள். இன்டர்லாக் என்று அதற்குப் பெயர். சேஞ்ச் ஓவர் சுவிட்சும் அதுதான். இ.பி. பக்கம் தள்ளினால் ஜெனரேட்டர் விடுபட்டுவிடும், ஜெனரேட்டர் பக்கம் தள்ளினால் இ.பி. விடுபட்டுவிடும். இரண்டும் சேரவே சேராது."

அந்த அம்மா வீட்டுக்குப் போய்க் கணவரிடம் ஒன்றுதான் கேட்டார்: "மெயின் இறக்கினியான்னு கேட்டா, நீ இல்லாத அன்னிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அடுத்த வாரம் லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன் வந்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டினார். இரண்டு முனையும் பிளக் வைத்த கேபிளை விவசாயியே வெட்டிப் போட்டார். அன்று மாலை பெரியவர் வயர் சுருளோடு வந்தார்.

வயர் இழுத்த விதம்

கழனிக்கு 230 வோல்ட் போகவே கூடாது என்பது முதல் விதி. ஈர மண்ணில் ஒரு வயர் வெட்டுப்பட்டால் ஆளோ மாடோ போய்விடும். அதனால், வீட்டிலேயே டிரான்ஸ்பார்மர் வைத்து 24 வோல்ட்டாகக் குறைத்து அனுப்பினார்கள்.

நாலு வால்வுக்கு எட்டு வயர் தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர், எல்லாவற்றுக்கும் பொதுவாகத் திரும்பிவர ஒரு வயர், ஆக ஐந்து போதும். பொம்மை ரயிலிலும் இதே கணக்குதான். அங்கே நாலு பாயிண்ட்டுக்கு எட்டுக் காயில் என்பதால் ஒன்பது வயர்.

தூரம் கூடினால் வோல்டேஜ் இறங்கும் என்பது விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயம். கடைசி வால்வு 100 மீட்டர் தூரத்தில் இருந்தால் போக, வர 200 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அதன் தடை சுமார் 3.5 ஓம். வால்வு கால் ஆம்பியர் இழுத்தால் இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. திறக்கும் நொடியில் கூடுதலாக இழுக்கும், அதையும் தாங்கும். மெல்லிய பெல் வயரைப் போட்டிருந்தால் பக்கத்து வால்வு திறக்கும், கடைசி வால்வு உறுமிக்கொண்டே நிற்கும்.

வயரை பைப்புக்குள் விட்டு ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தார்கள். களைக்கொத்து படக்கூடாது, எலி கடிக்கக்கூடாது. எல்லா இணைப்புகளையும் வால்வுப் பெட்டிக்குள் மட்டும் போட்டு, தண்ணீர் புகாத உறையால் மூடினார்கள். நடுமண்ணில் ஒரு ஜாயின்ட்கூட இல்லை.

பெரியவர் அதிக நேரம் செலவிட்டது வயருக்குப் பெயர் எழுதுவதில்தான். நாலுக்கும் நாலு நிறம், பொதுவுக்குக் கறுப்பு. ஒவ்வொரு முனையிலும் எண் எழுதிய குழாய்த் துண்டு. விவசாயி சிரித்தார், "நாலு வயருக்கு இவ்ளோவா சார்?"

அப்போதுதான் பெரியவர் பாலசோரைப் பற்றிச் சொன்னார். 2023 ஜூன் 2 அன்று, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவில் பகாநாகா பஜார் ஸ்டேஷனில் விபத்துக்குள்ளானது. சிக்னல் மெயின் லைனுக்குப் பச்சை காட்டியது, பாயிண்ட் லூப் லைனுக்கு நின்றது. அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் வண்டி மோதி, 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பு சிக்னல் வயரிங்கை மாற்றியதிலும், பிறகு லெவல் கிராசிங் கேட் வேலை செய்தபோதும் நடந்த தவறுகளே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. வயர்களில் தவறான பெயர் எழுதப்பட்டு, அது பல வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

"முதலில் போட்டவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் தம்பி. பிறகு வந்து கைவைப்பவருக்கு அந்த எழுத்துதான் கண்" என்றார். விவசாயி மறுபேச்சுப் பேசாமல் குழாய்த் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

திறந்த பிறகே மூடு

சொட்டுநீர் போட்டவர்களுக்கு முதல் நாளே சொல்லப்படும் பாடம் ஒன்று உண்டு. மோட்டார் ஓடும்போது அடுத்த வால்வைத் திறந்த பிறகுதான் முன்னதை மூட வேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறி, பைப் வெடிக்கும், ஃபில்டர் மூடி தெறிக்கும்.

அதனால், ஒரே திருகில் நாலையும் மாற்றும் சுவிட்சை விவசாயி கேட்டபோது பெரியவர் வேண்டாம் என்றார். அந்த வகையில் பெரும்பாலும் ஒன்று விடுபட்ட பிறகே அடுத்தது சேரும். நாலு தனிச் சுவிட்ச் வைத்தார்கள். அவற்றில் ஒன்றாவது போட்டிருந்தால்தான் மோட்டார் ஓடும்படி 24 வோல்ட் ரிலே ஒன்றை ஸ்டார்ட்டரின் நோ-வோல்ட் காயிலோடு எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சேர்த்தார்கள். எல்லாச் சுவிட்சும் அணைந்திருந்தால் ஸ்டார்ட்டர் பிடிக்காது. வீட்டு சுவிட்சும் ஸ்டார்ட்டரும் சேரும் இந்த ஒரு வேலையை யாரும் சொந்தமாகச் செய்து பார்க்கக் கூடாது.

இதிலும் ஒரு குறை உண்டு. சுவிட்ச் போட்டிருக்கிறது என்பதற்காக வால்வு திறந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. உள்ளே மணல் சிக்கலாம். பெட்டியில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அழுத்தம் இல்லாவிட்டாலும் வால்வு சரியாக வேலை செய்யாது. ரயில்வேயில் பாயிண்ட் உண்மையிலேயே நகர்ந்து ஒட்டியதா என்று பார்த்துச் சொல்லும் தனி வயர் உண்டு. கழனியில் அந்த வேலையை அழுத்த மீட்டர்தான் செய்ய வேண்டும். கூடவே, அழுத்தம் மீறினால் தண்ணீரை வெளியேற்றும் வால்வு ஒன்றும் ஃபில்டர் பக்கத்தில் இருப்பது நல்லது. வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவுவதை இந்த ஏற்பாடு மிச்சப்படுத்தாது.

முதல் மழைக்காலம் முடிந்ததும் மூன்றாவது வால்வு திறக்கவில்லை. கணவர் மார்க்கெட்டில், பெரியவர் வெளியூரில். அந்த அம்மா நோட்டை எடுத்துப் பார்த்தார். மூன்று என்றால் மஞ்சள் வயர். பெட்டியைத் திறந்தால் மஞ்சள் வயரின் உறைக்குள் தண்ணீர் புகுந்து செம்பு பச்சை பிடித்திருந்தது. மோட்டாரை நிறுத்தி, 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயரைச் சுரண்டிச் சேர்த்துப் புது உறை போட்டார். பகல் வெளிச்சத்தில் கால் மணி நேர வேலை.

இப்படிச் செய்ய நினைப்பவர்கள் முதலில் மோட்டார் கொட்டகையில் இருந்து தொடங்கலாம். எர்த் சரியாக இருக்கிறதா, ஜெனரேட்டர் ஓட்டுபவர் என்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பக்கத்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரித்து மாட்டிக்கொள்ள வேண்டும். மோட்டாரைக் கைபேசியில் இயக்கும் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம் தரும் திட்டம் உண்டு. இந்த ஆண்டு நிலவரத்தை வட்டார அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். சோலனாய்டு வால்வை நாலும் ஒரே நாளில் மாற்றாமல், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு பருவம் ஓட்டிப் பார்க்கலாம். பழைய கை வால்வைக் கழற்றிவிடாமல் பக்கத்திலேயே விட்டுவைத்தால், காயில் போன அன்றும் பயிர் காயாது. எந்த நிறம் எந்த வால்வு என்பதை ஒரு நோட்டில் எழுதி, சுவிட்ச் பக்கத்தில் மாட்டி வைக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் படிக்கும்படி தமிழில் எழுதினால் போதும்.